டிரெஸ்டனிலிருந்து பாஸ்டை: மணற்பாறைகளுக்குள் ஒரு நாள் நடை

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் காலையில் ரயிலேறினால், முக்கால் மணி நேரத்துக்குள் எல்பே ஆற்றங்கரையில் நெட்டுக்குத்தாக நிற்கும் மணற்பாறைகளின் அடிவாரத்தில் இறங்கிவிடலாம். இந்தப் பகுதிக்கு சாக்ஸன் சுவிட்சர்லாந்து என்று பெயர். உண்மையான சுவிட்சர்லாந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 18ஆம் நூற்றாண்டில் டிரெஸ்டன் கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆட்ரியன் ட்சிங்க், ஆன்டன் கிராஃப் என்ற இரண்டு சுவிஸ் ஓவியர்களுக்கு இந்த நிலம் சொந்த ஊரை நினைவூட்டியதாம், அதனால் வந்த பெயர். 1990 முதல் இது தேசியப் பூங்கா.

இங்கே முதல்முறை போகிறவர்களுக்கான பாதை ராட்டன் கிராமத்தில் தொடங்கி, ஆற்றுக்கு மேலே உயர்ந்து நிற்கும் பாஸ்டை என்ற பாறைமுனை, அங்குள்ள பாலம், ஷ்வேடன்லோஹர் இடுக்கு, ஆம்சல்ஸே ஏரி வழியாக மீண்டும் ராட்டனுக்கே வரும் வட்டம். ஆறேழு கிலோமீட்டர்தான். தூரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, பாதி வழி படிக்கட்டு. நிதானமாக நடந்து, நின்று பார்த்து, சாப்பிட்டு வர ஐந்து மணி நேரம் வேண்டும். மேல்படிப்புக்கோ கணினிச் சிப் தொழிற்சாலை வேலைக்கோ டிரெஸ்டன் வந்திருப்பவர்கள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போக நினைப்பவர்கள், இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

முதலில் கல்லைப் பற்றி

கிளம்புவதற்கு முன் கல்லைப் புரிந்துகொண்டால், வழியில் வரும் முக்கால்வாசிச் சிக்கலுக்குக் காரணம் தானே விளங்கிவிடும். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இது ஆழமில்லாத கடல். அதன் அடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்குப் படிந்த மணல் இறுகித்தான் இந்தப் பாறை ஆனது. கடல் வற்றி, நிலம் உயர்ந்து, எல்பே ஆறும் அதன் ஓடைகளும் அறுத்துக்கொண்டு போனதில் மிச்சம் நிற்பதே இன்றைய கோபுரங்கள். படுக்கைவாட்டில் அடுக்கு, செங்குத்தில் விரிசல். இரண்டும் சேர்ந்து, கொத்தனார் அடுக்கிவைத்த செங்கல்போலப் பாறை கட்டம் கட்டமாகத் தெரியும்.

பாதையோரப் பாறையில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரலில் மணல் ஒட்டிக்கொண்டு வரும். அந்த மணல்தான் படிகளின்மேல் மெல்லிய தூளாகக் கிடக்கிறது, வெயில் நாளிலும் கால் வழுக்குவது அதனால்தான். ஈரம் பட்டால் கதையே வேறு. நனைந்த மணற்கல்லின் உறுதி கணிசமாகக் குறைந்துவிடும். ஈரப் பாறையில் ஏறக் கூடாது என்பது இங்குள்ள பாறையேறிகளின் கண்டிப்பான விதி. கைக்குச் சுண்ணத்தூள் பூசுவதும், பாறை இடுக்கில் உலோகக் கருவிகளைச் செருகுவதும்கூட இங்கே கிடையாது, கயிற்று முடிச்சைத்தான் செருகுகிறார்கள். நடக்க மட்டும் வருகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் கல்முனையைப் பிடித்து உடம்பைத் தூக்காதீர்கள். இரும்புக் கம்பி இருந்தால் கம்பியைப் பிடியுங்கள்.

சுவரெங்கும் தேன்கூடுபோலக் குழிகள் தெரியும். கல்லுக்குள் ஊறும் நீர் கரைத்துக் கொண்டுவரும் உப்பு, வெளிப்புறத்தில் உலர்ந்து படிகமாகி, மணல் துகள்களை நெம்பித் தள்ளுவதால் உண்டாகும் குழிகள் இவை. விரல் விட்டுக் குடையாதீர்கள். உள்ளே இருக்கும் தடுப்பு முட்டை ஓட்டைவிட மெல்லிசு. டிரெஸ்டனின் ஃப்ராவன்கிர்ஹே தேவாலயமும் இந்த எல்பே மணற்கல்லால் கட்டியதுதான். அதன் சுவரில் கறுப்பும் வெளுப்புமாகத் தெரிவதில் கறுப்பு பழைய கல், வெளுப்பு புதியது. வெட்டும்போது வெளிர்மஞ்சளாக இருந்து காலப்போக்கில் கறுத்துப்போவது இந்தக் கல்லின் சுபாவம். முதல் நாள் மாலை அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால், மறுநாள் பாறைகளின் நிறம் புதிராக இருக்காது.

எப்போது போவது

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டிலும் போகலாம், ஆனால் கூட்டம். பாஸ்டைக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில்தான் வருகிறார்கள். எனவே எந்த மாதம் என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதே பெரிய கேள்வி. காலை ஒன்பதுக்குள் பாலத்தில் நின்றால் பாலம் உங்களுடையது. பதினொன்றுக்கு வந்தால் தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருதான்.

டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஒன்பதே கால் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை இடுக்குகளுக்குள் பனிக்கட்டி உறைந்து கிடக்கும். டிரெஸ்டனில் தெரு காய்ந்திருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆழமான பள்ளங்களில் வெயில் இறங்குவதில்லை, குளிர்ந்த காற்று அடியில் தேங்கிவிடுகிறது. அதனால் இங்கே தாவரங்களே தலைகீழாக வளர்கின்றன: மற்ற இடங்களில் மலை உச்சியில் இருக்கும் குளிர்விரும்பி மரங்கள் இங்கே பள்ளத்தில், வறட்சி தாங்கும் பைன் மரங்கள் உச்சியில்.

வழிகாட்டி வேண்டுமா?

இந்தப் பாதைக்கு வழிகாட்டி கட்டாயமில்லை. பலகைகள் தெளிவாக இருக்கின்றன. ஆனாலும் குளிர்காலத்தில் போகிறவர்களுக்கும், எல்லை தாண்டிச் செக் நாட்டுப் பக்கத்தையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்களுக்கும் வழிகாட்டியோடு போவது நல்லது. டிரெஸ்டனிலிருந்து சிற்றுந்தில் கூட்டிப்போகும் சிறு குழுப் பயணங்கள் உண்டு. தேசியப் பூங்காவில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய வழிகாட்டிகளும் உண்டு, அவர்கள் பாறையையும் காட்டையும் பற்றிச் சொல்வது வேறு தரம்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை: நடை எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம்? குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? ஆங்கிலத்தில் மட்டும் பேசுவார்களா, ஒவ்வொன்றையும் இரண்டு மொழியிலும் சொல்வார்களா? (இரண்டு மொழி என்றால் நிற்கும் நேரமும் இரட்டிப்பாகும்.) ஃபெரி (ஆற்றைக் கடக்கும் படகு), நுழைவுக் கட்டணம், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்தா, தனியா? மழை பெய்தால் ரத்தா, பாதை மாற்றமா? சிலர் பாலத்தருகே வண்டியில் இறக்கிவிட்டு முக்கால் மணி நேரத்தில் திரும்பக் கூட்டிவந்துவிடுவார்கள், அதையும் நடைப்பயணம் என்றே விளம்பரம் செய்வார்கள். கிலோமீட்டர் கணக்கைக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு சொல்லைக் கவனியுங்கள்: ஷ்டீகே. விளம்பரத்தில் ஷ்டீகன் பயணம் என்று இருந்தால், பாறையில் அடித்த இரும்புக் கொக்கிகளிலும் ஏணிகளிலும் கைகால் வைத்து ஏறுவது என்று பொருள். ஹெண்ட்ஷெல்ஷ்டீகே போன்றவை முதல்முறை வருகிறவர்களுக்கானவை அல்ல. உயரத்தைக் கண்டால் தலைசுற்றுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

செக் பக்கம் போகும் பயணங்கள் பிராவ்சிட்ஸ்கா பிரானா என்ற கல்வளைவைப் பார்க்க அழைத்துப்போகும். ஐரோப்பாவின் மிகப் பெரிய இயற்கை மணற்கல் வளைவு அது, அகலம் 26.5 மீட்டர். இரண்டும் ஷெங்கன் நாடுகள்தான் என்றாலும் எல்லையில் சோதனை நடக்கலாம். பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும், கைபேசியில் எடுத்த படம் செல்லாது. அந்தப் பக்கத்துக் காட்டில் 2022 ஜூலையில் பெருந்தீ பரவியது. அதன் பிறகு மூடிய பாதைகளும் உண்டு, எது திறந்திருக்கிறது என்று முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையும் காலணியும்

அடிப்பாகம் ஆழமாக வரி வெட்டிய காலணிதான் முக்கியம். கணுக்கால் வரை மூடும் மலைக்காலணி இருந்தால் நல்லது, இல்லையென்றால் வரி தேயாத ஓட்டக்காலணி போதும். அடி வழவழப்பான ஸ்னீக்கரும் செருப்பும் வேண்டவே வேண்டாம். மணல் தூவிய கல்படியில் அவை சக்கரம் கட்டியதுபோல ஓடும்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கோடையில் இரண்டு. ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். குளிர் தாங்கும் மேலுடை ஒன்று, மழைக்கான மேலங்கி ஒன்று. மேலே வெயிலில் வியர்க்கும், இருபது நிமிடம் கழித்து இடுக்குக்குள் இறங்கினால் பாதாள அறைக்குள் நுழைந்தமாதிரி சில்லிடும். குடை உதவாது, ஷ்வேடன்லோஹரில் சில இடங்களில் தோளகலம்தான் வழி. அதே காரணத்துக்காகப் பெரிய முதுகுப்பையும் வேண்டாம், 20 லிட்டர் போதும். சில்லறையாகப் பத்துப் பதினைந்து யூரோ வைத்துக்கொள்ளுங்கள். ஃபெரி, கழிப்பறை, கோட்டை நுழைவு எல்லாம் சில்லறை கேட்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை தலையில் மாட்டும் விளக்கு, உறைபனி நாட்களில் காலணிக்கு அடியில் மாட்டும் முள்சங்கிலி.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதே சிறப்பு. மேலே பாஸ்டையில் உணவகம் உண்டு, ராட்டனிலும் உண்டு, ஆனால் சைவத்துக்கு உருளைக்கிழங்கும் ரொட்டியும் தாண்டிப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. புளியோதரையும் உருளை வறுவலும் இந்தப் பாதைக்கென்றே செய்ததுபோலப் பொருந்தும். கை கழுவ வழியிராது என்பதால் கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். தயிர்சாதமென்றால் டப்பா மூடியில் ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பையைப் பக்கவாட்டில் திருப்பித்தான் சில இடுக்குகளில் நுழைய வேண்டியிருக்கும்.

ரயில்

டிரெஸ்டன் தலைமை நிலையத்திலிருந்து எஸ்1 ரயில். பாட் ஷாண்டாவ் அல்லது ஷோனா போகும் வண்டியில் ஏறுங்கள். மைஸன் போகும் எஸ்1 எதிர்த்திசை, ஒரே எண்ணைப் பார்த்து மாறி ஏறுவது இங்கே அன்றாடம் நடப்பது. இறங்கும் நிலையம் குர்ஓர்ட் ராட்டன். பிர்னாவுக்குப் பிறகு ஓபர்ஃபோகல்கெசாங், அதன்பின் ஷ்டாட் வேலன், அடுத்தது ராட்டன். வேலனிலும் ஆறு, ஃபெரி, பாறை எல்லாம் தெரியும், அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள்.

இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள். பிர்னா தாண்டியதும் ஆறு அந்தப் பக்கம்தான் வரும். வேலனுக்கும் ராட்டனுக்கும் இடையில் எதிர்க்கரையில் வெளிறிய பெரிய சுவர்கள் தெரியும். அவை இயற்கைப் பாறை அல்ல, பழைய கல்குவாரிகள்.

டாய்ச்லாண்ட்டிக்கெட் மாதச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு எஸ்1இல் தனிச்சீட்டு வேண்டாம். மற்றவர்களுக்கு, நால்வர் ஐவராகப் போனால் சிறு குழுவுக்கான ஒருநாள் சீட்டு மிச்சப்படுத்தும். இயந்திரத்தில் வாங்கிய சீட்டில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நடைமேடையில் உள்ள பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு, சீட்டில்லாததற்குச் சமம். வார இறுதிகளில் தண்டவாள வேலைக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதுண்டு. முந்தின இரவே கைபேசிச் செயலியில் பார்த்துவிடுங்கள்.

ஏழு மணி வாக்கில் டிரெஸ்டனில் ஏறினால் எட்டு மணிக்கு முன் ராட்டன். அதுவே நல்ல திட்டம்.

ஃபெரி

நிலையம் ஆற்றின் ஒரு கரை, பாறைகள் மறுகரை. நடுவில் பாலம் கிடையாது. நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் இறங்கி நடந்தால் படகுத்துறை. ரயில் சீட்டை நம்பி ஏறாதீர்கள், ஃபெரிக்குத் தனிக் கட்டணம். போகவர சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

படகில் ஏறியதும் ஒரு நிமிடம் காதைக் கொடுங்கள். இயந்திரச் சத்தம் இருக்காது. ஆறு வரும் திசையில், சற்றுத் தள்ளி நங்கூரமிட்ட நீண்ட கம்பிவடத்தில் படகு கட்டப்பட்டிருக்கிறது. படகோட்டி படகின் முகத்தை நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்புகிறார். ஓடுகிற நீர் பக்கவாட்டில் மோதித் தள்ள, வடம் விடமாட்டேன் என்று இழுக்க, படகு ஊசல்போல மறுகரைக்கு நகர்கிறது. திரும்பி வரச் சாய்வை மாற்றினால் போதும். வெள்ளமோ மிதக்கும் பனிக்கட்டியோ வந்தால் ஃபெரி நிற்கும். அப்போது பிர்னாவில் இறங்கி பாஸ்டைக்குப் பேருந்து பிடிப்பதே வழி.

எந்தத் திசையில் சுற்றுவது

இதைப் படகுத்துறையிலேயே முடிவு செய்ய வேண்டும். நாள் காய்ந்திருந்தால் நேராக பாஸ்டைக்கு ஏறி, ஷ்வேடன்லோஹர் வழியாக இறங்குங்கள். கூட்டம் வருமுன் பாலத்தைப் பார்த்துவிடலாம். முந்தின நாள் மழை, உறைபனி, அல்லது உங்களுக்கு முட்டிவலி என்றால் மாற்றிச் செய்யுங்கள்: ஆம்சல்ஸே வழியாகப் போய் ஷ்வேடன்லோஹரில் ஏறி, பாலம் வழியாக அகலமான படிகளில் இறங்குங்கள். ஈரப்படியில் ஏறுகிறவர் வழுக்கினால் கையை ஊன்றிக்கொள்வார். இறங்குகிறவர் வழுக்கினால் முதுகில் விழுவார், முட்டிக்கும் இறக்கம்தான் எதிரி. காய்ந்த நாள் என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பாஸ்டைக்கு ஏற்றம்

துறையிலிருந்து ராட்டன் கிராமத்துக்குள் நுழைந்து, பாஸ்டை என்று எழுதிய மஞ்சள் பலகையையோ, மாலர்வேக் எனப்படும் ஓவியர் பாதையின் எம் எழுத்தையோ பின்தொடருங்கள். அந்தப் பாதை மொத்தம் 100 கிலோமீட்டருக்கு மேல் நீளும், எட்டு நாள் நடை. நீங்கள் நடக்கப்போவது அதில் ஒரு துணுக்கு. துறையிலிருந்து உச்சிக்கு ஏற்றம் ஏறத்தாழ 190 மீட்டர், அதாவது அறுபது மாடிக் கட்டடத்தைப் படியேறுவதற்குச் சமம். நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். முதல் பத்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். குளிரில் விறுவிறுவென்று கிளம்பி, நடுவழியில் மூச்சுவாங்கி உட்காருவதே புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

படிகளின் நடுப்பகுதி லட்சக்கணக்கான கால்கள் பட்டு அம்மிக்கல்போலக் குழிந்திருக்கும். மணலும் தண்ணீரும் பனிக்கட்டியும் தேங்குவது அந்தக் குழியில்தான். படியின் ஓரத்தில், கைப்பிடிப் பக்கமாக, முழுப்பாதமும் படும்படி வையுங்கள்.

பாலத்துக்கு முன்பே நொய்ராட்டன் பாறைக்கோட்டையின் நுழைவு வரும். கட்டணம் சில யூரோ. பாலத்தைப் பார்த்துவிட்டு வந்து போகலாம் என்று பலரும் தள்ளிப்போட்டுவிட்டுப் பிறகு வருவதே இல்லை. முதலிலேயே நுழைந்துவிடுங்கள், காலை நேரத்தில் இரும்பு நடைபாதைகளில் வரிசை இருக்காது. இடைக்காலத்து மரக்கோட்டை ஒன்று இந்தப் பாறைகளின் உச்சியில் இருந்தது. மிச்சமிருப்பவை உத்தரம் செருகப் பாறையில் வெட்டிய பள்ளங்கள், தண்ணீர்த் தொட்டி, கவண்பொறியால் எறிந்த கல்லுருண்டைகள். நடைபாதையின் தரை இரும்புக் கம்பிவலை, கீழே பார்த்தால் ஆழம் தெரியும். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கண்ணை எதிர்ப்பாறையில் வைத்து நடக்கலாம், அல்லது இதைத் தவிர்த்துவிட்டுப் பாலத்துக்குப் போகலாம், நஷ்டமில்லை. சுற்றிவர அரைமணி நேரம்.

பாலமும் மேடையும்

பாஸ்டை பாலம் 76.5 மீட்டர் நீளம், ஏழு வளைவுகள், கீழே 40 மீட்டர் பள்ளம். 1826இல் மரப்பாலம் போட்டார்கள். கூட்டம் தாங்காமல் 1851இல் கல்லில் கட்டினார்கள். இருநூறு ஆண்டுகளாக இங்கே கூட்டம்தான் பிரச்சினை என்பதைக் கவனிக்கலாம்.

பாலத்தின்மேல் நின்றால் பாலம் தெரியாது. முழுப்பாலத்தையும் பாறைகளோடு பார்க்க, பாலத்தைத் தாண்டியதும் ஃபெர்டினாண்ட்ஸ்டைன் என்று காட்டும் கிளைவழியில் போக வேண்டும். சிறிய மேடை, பத்துப் பேர் நின்றால் நெரிசல். படம் எடுத்ததும் இடம் விடுவது இங்கே எழுதப்படாத சட்டம்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் எல்பே ஆற்றுக்கு 194 மீட்டர் உயரத்தில் பாஸ்டைக் காட்சிமேடை. பழைய மேடை பாறை நுனியின்மேலேயே இருந்தது. அடியில் கல் பொடிந்து உறுதி இழந்துவிட்டதால் பல ஆண்டுகள் மூடிவைத்தார்கள். 2023இல் திறந்த புதிய மேடை, அந்த நுனியில் பாரம் ஏற்றாமல் பின்பக்கத்து உறுதியான பாறையில் ஊன்றி, ஆற்றுப்பக்கம் நீட்டியபடி நிற்கிறது. கட்டைவிரலில் ஒட்டிய மணலை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

மேடையிலிருந்து ஆறு வளையும் இடத்தில் மேசைபோல மேல்பக்கம் தட்டையான குன்று ஒன்று தெரியும், அது லிலியன்ஸ்டைன், 415 மீட்டர். கழிப்பறை இங்கே இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள், அடுத்ததுக்கு நேரமாகும். வேலிக்கு வெளியே பாறை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து படமெடுப்பவர்களைப் பார்ப்பீர்கள். விளிம்பில் மணல் தூள், கீழே அந்தரம். வேலிக்கு உள்ளேயே எடுத்த படமும் நன்றாகத்தான் இருக்கும்.

ஷ்வேடன்லோஹர்

நாளின் உயிர்நாடி இதுதான் என்பது எங்கள் கட்சி. பாலத்தைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

பெயருக்கு சுவீடன்காரர் பொந்துகள் என்று பொருள். முப்பதாண்டுப் போரின்போது, 1639இல், சுவீடன் படைக்குத் தப்பிச் சுற்றுவட்டாரத்து மக்கள் இந்த இடுக்குகளில் ஒளிந்திருந்தார்கள். 1886இல்தான் பொதுமக்கள் நடக்கும்படி பாதை அமைத்தார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட படிகள்: சில பாறையில் வெட்டியவை, சில மரத்தால் ஆனவை, இடையிடையே சிறு பாலங்கள், சில இடங்களில் இரும்புக் கைப்பிடி.

பாஸ்டையிலிருந்து ஷ்வேடன்லோஹர், ஆம்சல்ஸே என்ற பலகையைப் பிடித்துப் போனால் முதலில் சாதாரணக் காட்டுவழியாகத்தான் இருக்கும். பிறகு சட்டென்று தரை விட்டுப்போகும், இருபுறமும் சுவர் எழும்பும், வெளிச்சம் பச்சையாகும். சுவரில் பாசி, பெரணி, சொட்டுச்சொட்டாக நீர். மரப்படிகளில்தான் அதிகக் கவனம் வேண்டும். அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத பாசிப்படலம் இருக்கும், கல்படியைவிட இது மோசம். பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு கை கம்பியில் வைத்து இறங்குங்கள். நடந்துகொண்டே மேலே பார்க்காதீர்கள். பார்க்க வேண்டுமென்றால் நில்லுங்கள், பிறகு பாருங்கள். இங்கே விழுகிறவர்கள் பெரும்பாலும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி அடுத்த படியைத் தேடியவர்கள்தான்.

எதிரே ஆள் வந்தால் ஏறுகிறவருக்கு வழிவிட்டு அகலமான இடத்தில் ஒதுங்குங்கள். இறங்கி முடிக்க முப்பது முதல் நாற்பது நிமிடம். இந்த இடுக்குக்குள் கைபேசிச் சமிக்ஞை அடிக்கடி போய்விடும், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவைத்திருக்க வேண்டும்.

பள்ளத்தாக்கும் ஏரியும்

அடியில் வந்து சேரும் பள்ளத்தாக்கு ஆம்சல்க்ரூண்ட். இடது பக்கம் ஓடையின் மேல்நோக்கிப் போனால் ஆம்சல்ஃபால் அருவி. குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான், கோடையில் குழாயடித் தண்ணீர் அளவுக்கு விழும். மழைக்காலமென்றால் போய் வரலாம், இல்லையேல் விட்டுவிடலாம்.

வலது பக்கம் திரும்பினால் ஆம்சல்ஸே ஏரி. ஓடையை அணைகட்டி உண்டாக்கிய ஒடுக்கமான நீளமான ஏரி, கோடையில் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். கட்டுச்சோறு பிரிக்க இதுவே இடம். ஏரியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் லோகோமோடிவ் என்ற பாறை. பழைய நீராவி எஞ்சின்போலப் புகைபோக்கியும் கொதிகலனும் தெரியும். நல்ல நாளில் அதன்மேல் பாறையேறிகள் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருப்பார்கள். ஏரியிலிருந்து ராட்டன் துறை இருபது நிமிடம், தட்டையான பாதை.

காலையில் கிளம்பியவர்களுக்கு இப்போது மணி ஒன்று, ஒன்றரை இருக்கும். காலில் இன்னும் தெம்பு இருந்தால், ஃபெரி ஏறாமல் இதே கரையில் லிலியன்ஸ்டைன் பலகையைப் பிடித்து நடக்கலாம். குன்றில் ஏறி, மறுபக்கம் இறங்கி, கோனிக்ஸ்டைனுக்கு எதிர்க்கரையில் ஃபெரி பிடித்து, கோனிக்ஸ்டைன் நிலையத்தில் அதே எஸ்1. இன்னும் மூன்று, மூன்றரை மணி நேரம் கூடும். மாலை வெளிச்சம் போதுமா என்று கணக்குப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெரியவர்களும் குழந்தைகளும்

முட்டி ஒத்துழைக்காத அப்பா அம்மாவை ராட்டனிலிருந்து ஏற்ற வேண்டாம். பிர்னா நிலையத்திலிருந்து பாஸ்டைக்குப் பேருந்து உண்டு. அங்கிருந்து காட்சிமேடை வரை ஏறக்குறைய சமதரை. ஒருவர் அவர்களோடு பேருந்தில் போக, மற்றவர்கள் கீழிருந்து ஏறி மேலே சந்திக்கலாம். திரும்பும் பேருந்து நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வராது. குழந்தைத் தள்ளுவண்டி இந்த வட்டத்தில் எங்கும் செல்லாது. முதுகில் சுமக்கும் தொட்டில் சரி, ஆனால் ஷ்வேடன்லோஹரில் குழந்தையின் தலை உங்கள் தலையைவிட உயரத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஆறு வயதுக்கு மேல் நடக்கிற பிள்ளைகளுக்கு இது கொண்டாட்டம்.

பலகையும் விதியும்

கெஷ்பெர்ட் என்றால் மூடியிருக்கிறது. லேபன்ஸ்கெஃபார் என்றால் உயிருக்கு ஆபத்து. இவை இரண்டையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 2018 முதல் வறட்சியிலும் பட்டைவண்டுத் தாக்குதலிலும் ஏராளமான ஸ்ப்ரூஸ் மரங்கள் நின்றபடியே செத்துவிட்டன. காற்றில்லாத நாளிலும் அவை சாயும். அதனால்தான் சில கிளைப்பாதைகளை மூடியிருக்கிறார்கள், தடுப்பைத் தாண்டிப் போவது வீரமல்ல. ஔஸ்ஸிஹ்ட் என்றால் காட்சிமுனை, க்ரூண்ட் என்றால் பள்ளத்தாக்கு.

காட்டில் புகைபிடிக்கக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, டிரோன் பறக்கவிடக் கூடாது, குறியிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. ஆபத்து என்றால் 112. இருக்கும் இடத்தைச் சொல்லத் தெரியாவிட்டால், கடைசியாகக் கடந்த பலகையில் என்ன எழுதியிருந்தது என்பதைச் சொல்லுங்கள். கிளைவழி வரும்போதெல்லாம் பலகையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைப்பது இதற்கு உதவும்.

திரும்பும்போது ஞாயிறு மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை எஸ்1இல் மிதிவண்டிகளும் ஆட்களும் நிரம்பி வழியும். இரண்டு மணிக்கு முன் ஃபெரி பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். ஆறு இப்போது வலது பக்கம். வண்டி ஏறுமுன் நடைமேடை ஓரத்தில் காலணியைக் கழற்றித் தட்டிவிடுங்கள், ஆளுக்கு ஒரு கரண்டி மணல் கொட்டும்.